மேடைக்கு ஒரு விருந்தாளி

பிப்ரவரி 5, புதன். கோயம்புத்தூர்

மரவேலைக் கருவிகள் கண்காட்சி நாளை தொடங்குகிறது. எங்கள் ஸ்டால் தயார். மூலை ஸ்டால் என்பதால் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கலாம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. மேடையில் கம்பெனியின் வட்ட ரம்ப மிஷின். அதற்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு, அதன்மேல் ஒரு கை ரம்பம். பெஞ்சு விருந்தாளிக்கு.

விருந்தாளி யார் என்பதை எழுதிவைக்கிறேன். என்றாவது என் மனைவி சுகந்தி இதைப் படிக்கக்கூடும். ஒவ்வொரு செய்முறைக் காட்சியிலும் கூட்டத்திலிருந்து ஒருவரை மரியாதையாக மேடைக்கு அழைப்போம். அவருக்குக் கை ரம்பமும் ஒரு பலகையும். எனக்கு மிஷினும் அதேபோல் ஒரு பலகையும். மணி அடித்ததும் இருவரும் அறுக்க வேண்டும். நான் என் பலகையை ரொட்டித் துண்டுகள்போல அறுத்துத் தள்ளி முடிக்கும்போது அவருடைய ரம்பம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருக்கும். கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் வாங்குவார்கள். சிரிக்கிற பக்கத்தில் நிற்பதற்கு மனிதர்கள் எந்த விலையும் கொடுப்பார்கள் என்பது எங்கள் மேனேஜர் எட்வின் சாரின் அனுபவம். மேடையேறுகிறவரை விருந்தாளி என்று சொல்லும் வழக்கத்தை ஆரம்பித்தவரும் அவரே. நாகர்கோவில்காரர். உபசாரம் தெரிந்தவர்.

இன்று பேனர் கட்டினேன். பலகைகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். மிஷினுக்கு உரியது காய்ந்த ரப்பர் மரம். விருந்தாளிக்கு உரியது வைரம் பாய்ந்த புளியமரம். பெயின்ட் காய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்று. பிறகு கை ரம்பத்தின் பற்களைச் சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்கினேன். அதிகம் தேய்த்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். குறைவாகத் தேய்த்தால் விருந்தாளி அறுத்துவிடுவார். நிதானம் வேண்டிய வேலை. பிரசன்னாவிடம் கொடுத்தால் அவசரப்படுவான்.

பிரசன்னா என்னோடு வேலை செய்பவன். திருப்பூர்ப் பையன், பி.பி.ஏ. எங்கள் இருவருக்கும் இப்போது தினப்படிதான். செய்முறை அலுவலர் என்ற நிரந்தரப் பதவி ஒன்றே ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை மும்பை ஆபீஸிலிருந்து பரேக் சார் வந்து, இருவர் காட்சியையும் பார்த்து, ஒருவருக்கு அதைக் கொடுப்பார். மற்றவர் வீட்டுக்குப் போகலாம்.

டுடோரியல் கல்லூரியை மூடியதிலிருந்து எனக்கு நிரந்தரம் என்று எதுவும் இல்லை. சுகந்தி ஈரோட்டில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அத்தைக்கு மூட்டுவலி, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வலி எப்போது குணமாகும் என்பதை டாக்டரைவிடத் திட்டவட்டமாக சுகந்தி சொல்கிறாள்: எனக்கு நிரந்தர உத்தரவு கைக்கு வரும் அன்று.

பிப்ரவரி 6, வியாழன்

வருகிறவர்களைக் காலிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது எட்வின் சார் நடத்திய முதல் பாடம்.

ஷூ போட்டவர் சாஃப்ட்வேர்க்காரர். சனி ஞாயிறுகளில் தானே புத்தக அலமாரி செய்துகொள்ளும் கனவுள்ளவர். அவருக்கு நாற்காலி, தேநீர், "சார், இது மரவேலைக்குன்னே பொறந்த கை சார்" என்ற வாசகம். அவர் பலகை பிடிக்கும் கிளாம்ப் ஒன்று வாங்கிக்கொண்டு போவார். அலமாரி செய்ய மாட்டார். செருப்புப் போட்டவர் ஆசாரி அல்லது சின்ன கான்ட்ராக்டர். மிஷினை உண்மையாகவே வாங்கி, உண்மையாகவே உபயோகிக்கப் போகிறவர் அவர்தான். ஆகவே அவரை மிஷினைத் தொட விடுவதில்லை. தொட்டால் கேள்வி கேட்பார்.

தொடாமலும் சிலர் கேட்கிறார்கள். இன்று பச்சைச் சட்டை போட்ட ஒருவர், "ஏனுங்க, இது நிறுத்தாம எத்தன நேரம் ஓடுமுங்க?" என்றார்.

"நீங்க எத்தன நேரங்கண்ணா ஓடுவீங்க நிறுத்தாம?" என்றேன் மைக்கில்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதில் கிடைத்துவிட்டதுபோல் தலையாட்டிக்கொண்டே போனார். மோட்டார் சூடேறினால் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. வாங்கியவர்கள் படித்துக்கொள்ளலாம்.

டுடோரியலில் வரலாறு நடத்திய காலத்திலும் எனக்கு இதே முறைதான். கடைசி பெஞ்சில் ஒருவனை எழுப்பி நிறுத்தினால் மற்றவர்கள் கவனிப்பார்கள். கற்பித்தலின் அடிப்படை எங்கும் மாறுவதில்லை.

சுகந்திக்குப் போன் செய்தேன். அத்தைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாளாம். பின்னால் டி.வி. சத்தமும், அத்தை சிரிக்கிற சத்தமும் கேட்டன.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நான் தேர்ந்தெடுத்த விருந்தாளிக்காக எட்வின் சார் என்னை மூன்று முறை பாராட்டினார்.

தனியாக வந்தவரை மேடையேற்றுவது வீண். தோற்பதைப் பார்க்க அவருக்குத் தெரிந்தவர் ஒருவராவது கீழே நின்றால்தான் முகத்தில் சரியான நிறம் வரும். நான் பார்த்த ஆள் காதில் பென்சில் செருகியிருந்தார். பக்கத்தில் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர். நெருக்கமாகவும் நிற்கவில்லை, விலகியும் நிற்கவில்லை. அழைத்தேன்.

"அண்ணன் பேருங்க?"

"மயில்சாமிங்க."

"எந்த ஊருங்க?"

"அன்னூருங்க."

"எத்தன வருசமா அறுக்கறீங்க?"

"அப்பங்கூடப் போன காலத்துல இருந்துங்க."

"அப்பாருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு ஆரம்பிங்க."

மணி அடித்தது. என் பலகை முடிந்தது. அவர் சட்டை நனைந்திருந்தது. ரம்பம் புளியமரத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ரம்பத்தப் புடிச்சிருக்கீங்களா, ரம்பம் உங்களப் புடிச்சிருக்குதுங்களா?" என்றேன். சிரிப்பு. "இந்த அண்ணங்கிட்டக் கதவு செய்யக் குடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? பேத்தி கல்யாணத்துக்குள்ள வாசல் வெச்சிரலாமுங்க."

எல்லோருக்கும் முன்பாகச் சிரித்தவர் தங்க ஃபிரேம் பெரியவர். பிறகு எல்லோருக்கும் முன்பாக நிறுத்தியவரும் அவரே. பாங்கில் ஓய்வு பெற்றவர், சொந்த வீடு கட்டுகிறார், அதன் கதவு ஜன்னல்களை மயில்சாமிக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. எந்த மிஷின் வாங்கினால் வேலை விரைவாக நடக்கும் என்று காட்ட மயில்சாமியே அவரை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். நான் குருட்டாம்போக்கில் சொன்ன வரி அப்படிப் போய் உட்கார்ந்தது. இதெல்லாம் ஒரு கொடுப்பினை.

மயில்சாமி ரம்பத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மொட்டையா இருக்குதுங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அதைக் கூட்டத்துக்கும் கேட்கச் செய்வது என் கடமை. "ரம்பத்து மேல பழியப் போடறாருங்க. பாவம், அதுக்குப் பல்லு இருக்குது, பதில் சொல்ல வாயில்ல."

மதியத்துக்குள் கொண்டுவந்த மிஷின்களில் பாதி போய்விட்டது. மாலையில் மேடையைப் பெருக்கினேன். புளியமரத் தூள் சிவப்பாக இருக்கிறது. ரப்பர் மரத் தூளோடு கலந்தால் வித்தியாசம் தெரியும். இரண்டையும் தனித்தனியாக அள்ளினேன்.

பிப்ரவரி 8, சனி

மயில்சாமி காலையிலேயே வந்துவிட்டார். தனியாக. காதில் பென்சில் இல்லை.

"சார், ஒரே ஒரு போன் பண்ணுங்க சார். ரம்பம் மொட்டைன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னாப் போதுமுங்க."

"யாருகிட்டங்க?"

"பாங்குக்காரரு. ரெடிமேட் கதவு போட்டுக்கறேன்னுட்டாருங்க. வூடு பூரா எம்பட வேலைங்க சார் அது."

"கம்பெனி ரம்பத்தப் பத்தி வெளிய பேசக் கூடாதுங்கண்ணா."

"நேத்து மைக்குல பேசுனீங்களே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மைக் அணைந்திருந்தது. மைக் இல்லாமல் அந்த மாதிரி பதில்கள் எடுபடுவதில்லை. ஒரு கேட்லாக் கொடுத்தேன், வண்ண அச்சு. வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். முதல் காட்சிக்கும் நின்றார், இரண்டாவது காட்சிக்கும் நின்றார். சத்தம் போடவில்லை. அது இன்னும் சங்கடம். முன்வரிசையில் சிரிக்காத முகம் ஒன்று இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எட்வின் சார் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். "அவன அந்தால கொண்டு விடுங்க. இவன் நின்னா மத்தவனுக்குச் சிரிப்பு வராது டே."

நல்ல முறையில்தான் கூட்டிப் போனார்கள். தோளில் கை போட்டு, கேன்டீன் பக்கமாக. கேட்லாக்கை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கசங்காததால் வேறு ஒருவருக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரசன்னாவுக்கு இன்று சறுக்கல். எனக்கு நல்லது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளை வேட்டி சட்டையில் மீசை வைத்த ஒருவரும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவும் வந்தார்கள். பிரசன்னா பாய்ந்து போய் வேட்டிக்காரருக்கு நாற்காலி போட்டான். தேநீர் வந்தது. அம்மா நின்றுகொண்டே மிஷினைச் சுற்றி வந்தார்.

"ஏஞ்சாமி, பிளேடு தேஞ்சா இங்கயே கெடைக்குமா, மும்பைக்கு எழுதிப் போடோணுமா?" என்று அம்மா கேட்டார்.

"எல்லாம் இங்கயே கெடைக்குமுங்க ஐயா" என்றான் பிரசன்னா, வேட்டிக்காரரைப் பார்த்து.

"ஈர மரம் போட்டா இழுக்குமா?"

"அதெல்லாம் பிரமாதமா இழுக்குமுங்க ஐயா. ஐயா என்ன நெனைக்கறீங்க?"

ஐயா தேநீரை ஊதிக் குடித்தார். "கலரு நல்லாருக்குது" என்றார்.

அம்மா இன்னும் ஐந்தாறு கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஐயாவுக்குப் பதில் சொல்லப்பட்டது. ஐயாவும் பழகிவிட்டார். கடைசியில், "சர்வீஸு எப்படி?" என்று தானாகவே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். அப்போது அந்த அம்மா, "ஆறுச்சாமி, டீ குடிச்சாச்சுன்னா வண்டிய எடு. எதுத்த ஸ்டாலப் பாத்துட்டுக் கெளம்பலாம்" என்றார்.

ஆறுச்சாமி அவருடைய வேன் டிரைவர். அம்மா பெயர் ரங்கநாயகி. சூலூரில் பம்ப்செட்டுகளுக்கு மரப்பெட்டி அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எதிர் ஸ்டாலில் நான்கு மிஷின் எடுத்தார்.

எட்வின் சாருக்குக் கோபம் ஆறுச்சாமி மேல்தான். "டிரைவர்னா டிரைவர் கணக்கா இருக்கணும் டே. இவன் எதுக்கு வேட்டி கெட்டிட்டு வாறான்?"

அந்த அம்மாவின் கட்டைவிரல் நகத்தடியில் மரத்தூள் இருந்ததையும், பலகையை விரலால் தட்டிப் பார்த்ததையும் நான் ஆரம்பத்திலேயே கவனித்தேன். பிரசன்னாவிடம் சொல்லியிருக்கலாம். அவனுடைய வாடிக்கையாளர். மற்றவர் வேலையில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

சுகந்தியிடம் நாளை முடிவு தெரியும் என்றேன். "தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள். "தெரியலீன்னா சொல்ல வேண்டாமுங்க" என்றும் சொன்னாள்.

பிப்ரவரி 10, திங்கள்

பரேக் சார் காலை விமானத்தில் வந்தார். திங்கட்கிழமைக் காலையில் அரங்கம் காலி. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஸ்டால்காரர்கள். அவர்களுக்கு ரம்பத்தின் கதை தெரியும். மீதி ஒரு பாலிடெக்னிக் கூட்டம். விருந்தாளி ஆகக்கூடிய ஒரு முகம் இல்லை.

பரேக் சார் மதியம் வேறு ஊருக்குப் போக வேண்டும். எட்வின் சார் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "பிரசன்னா காட்சி போடும்போ நவநீதன் விருந்தாளி. நவநீதன் போடும்போ பிரசன்னா விருந்தாளி. கணக்கு சரியாப் போச்சுல்லா?"

நியாயமான ஏற்பாடு. இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் பிரசன்னா. நான் கம்பெனியின் ஆரஞ்சு டி ஷர்ட்டைக் கழற்றிவிட்டு, பையில் இருந்த பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மாணவர்களுக்கு நடுவே போய் நின்றேன். அழைத்தான். ஏறினேன். காலையில் ரம்பத்தை நான் வழக்கத்தைவிட ஒருபடி அதிகமாகத் தேய்த்திருந்தேன், என் காட்சி நன்றாக அமைய வேண்டும் என்று. இறங்கவே இல்லை. உண்மையாகவே முயன்றேன். மேடையில் நின்றால் முயலாமல் இருக்க முடியாது என்பது எனக்கு இதுவரை தெரியாது.

"அண்ணனுக்கு வீட்டுல சோறு போடறாங்களாங்க?" என்றான் பிரசன்னா. மாணவர்கள் விசிலடித்தார்கள். பரேக் சார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

அடுத்து நான். பிரசன்னா விருந்தாளியாக ஏறினான். ஏறியதும் மாணவர்களுக்குக் கையசைத்தான். ரம்பத்தைச் சினிமாவில் வயலின் வாசிப்பவர்போல் இழுத்தான். வியர்க்கவில்லை. தோற்றபோது தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு சிரித்தான். நான் என்ன சொல்லியும் கூட்டம் அவனோடு சேர்ந்து சிரித்ததே தவிர அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பில் இரண்டு வகை உண்டு, ஒன்றுதான் விற்கும்.

பரேக் சார் எட்வின் சாரோடு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்முறை அலுவலர்: பிரசன்னா.

எனக்கும் நிரந்தர உத்தரவு வந்திருக்கிறது. பரேக் சார் ஒரு புதிய பதவியையே உருவாக்கியிருக்கிறார். இது பிரசன்னாவுக்குக் கிடைக்காத கௌரவம். பதவியின் பெயர் 'வாடிக்கையாளர் அனுபவ உதவியாளர்'. பி.எஃப். உண்டு, மெடிக்கல் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் போய் ஒவ்வொரு காட்சியிலும் கூட்டத்திலிருந்து மேடைக்கு ஏற வேண்டும்.

"வெளியாள ஏத்தினா சில சமயம் வம்பு வருது. அன்னிக்கு அந்த அன்னூர்க்காரன் வந்து நின்னான் பாரு. நீ நின்னா வம்பு கெடையாது" என்று எட்வின் சார் விளக்கினார். "பரேக் சார் என்ன சொன்னாரு தெரியுமா? இப்படி ஒரு முகம் தேடினாலும் கெடைக்காதுன்னாரு."

நிபந்தனைகள் எளியவை. சொந்தச் சட்டை போட வேண்டும். ஊழியர்களோடு பயணம் செய்யக் கூடாது, சாப்பிடக் கூடாது. அரங்குக்குள் நான் அவர்களைத் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஸ்டாலில் யார் என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அப்படி ஒருவர் இல்லை என்று அவர்கள் சொல்வார்கள். கூட்டத்துக்கு நான் யார் என்பது தெரிந்துவிட்டால் உத்தரவு அன்றே ரத்து.

சுகந்திக்குப் போன் செய்தேன்.

"நெசமாலுமா?" என்றாள். அவள் குரல் அப்படி மேலேறிக் கேட்டு வெகுநாள் ஆகிறது. "என்ன போஸ்ட்டுங்க?"

பெயரைப் படித்துக் காட்டினேன்.

"அப்படின்னா?"

"கஸ்டமருங்களோட இருக்கற வேலை."

"மேனேஜர் மாதிரிங்களா?"

"அந்தப் பக்கம்தான்."

அம்மாவிடம் கத்திச் சொன்னாள். அத்தை எழுந்து வந்து போனை வாங்கி வாழ்த்தினார். நடை தெளிவாக இருந்ததைப் போனிலேயே உணர முடிந்தது. மாதக் கடைசியில் நம் வீட்டுக்கு வந்துவிடுவதாக சுகந்தி சொன்னாள். வீட்டில் எந்தெந்த பாத்திரம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27, வியாழன். ஈரோடு

கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. ஈரோடு என்பதால் சுகந்தியிடம் நான் கரூரில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். கட்டில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் லோகநாதன் மச்சானுக்கு மிஷின் வாங்கும் யோசனை இருக்கிறது என்பதை அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் இல்லாவிட்டாலும் என் கம்பெனியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவளும் கூட வந்திருக்கிறாள்.

மதியக் காட்சி. மூன்றாவது வரிசையில் நின்றேன். பிரசன்னா அழைத்தான், ஏறினேன். ரம்பத்தைப் பிடித்த பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். சுகந்தி எனக்குப் பிடித்த மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள்.

மணி அடித்துவிட்டது. அறுத்தேன்.

"அண்ணனுக்கு என்ன வேலைங்க?" என்றான் பிரசன்னா. எழுதிவைத்த கேள்வி, எழுதிவைத்த பதில்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"கையப் பாத்தாலே தெரியுதுங்க."

லோகநாதன் மச்சான் முதலில் எல்லோரையும்போல் சிரித்தார். பிறகு என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். பிறகு பக்கத்தில் நின்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்களோ என்று நினைத்து மறுபடியும் சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் பலகை எவ்வளவு அறுபட்டிருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயிப்பேன் என்று இன்னும் நினைத்தாளோ என்னவோ.

இறங்கியதும் மச்சான் எதிரில் வந்து நின்றார். சுற்றிலும் வாங்க வந்தவர்கள். எட்வின் சார் பில் போடும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கரூர்ல இருக்கறேன்னீங்களாமா."

"வந்தேனுங்க."

"உங்க கம்பெனி இதுதானுங்களே? இப்பத்தான் அந்தத் தம்பிகிட்டக் கேட்டேன். நவநீதன்னு யாருமே இல்லீங்கறான்."

பிரசன்னா மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நியமப்படி அவன் சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

சுகந்தி பக்கத்தில் வந்தாள். "இங்கதான வேலை செய்யறீங்க? அண்ணங்கிட்டச் சொல்லுங்க."

என் சட்டைப்பையில் உத்தரவின் நகல் இருந்தது. எடுக்க ஒரு நொடி போதும். எட்வின் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு இந்த வேலை எதற்காக வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டேன். இவள் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக. வேலை போய்விட்டால் எப்படி வருவாள்? இரவு போனில் பொறுமையாக விளக்கிக்கொள்ளலாம் என்பதே அறிவுள்ளவன் செய்யக்கூடியது.

"சும்மா மிஷின் பாக்க வந்தேன்" என்றேன்.

சுகந்தி என் சட்டையின் மேல் பொத்தான் அறுந்து போயிருந்ததைப் பார்த்தாள். வீட்டில் என்றால் உடனே அங்கே கை வரும். வரவில்லை. திரும்பி வாசல் பக்கம் நடந்தாள்.

மச்சான் போகவில்லை. சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டுப் பிரசன்னாவிடம் போனார். பெரிய மிஷின் ஒன்று எடுத்தார். "நம்ம மாப்ள மாதிரி ஆளுங்க அறுத்தா என்னைக்குங்க கட்டில் முடியறது" என்று அவர் சொன்னதாகப் பிரசன்னா பிறகு சொன்னான். இன்றைய விற்பனையில் அதுதான் பெரியது.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்று இரவு எடுக்கவில்லை. இன்று மதியம் எடுத்தாள்.

எல்லாவற்றையும் விளக்கினேன். விருந்தாளி யார், நியமங்கள் என்ன, யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை. உத்தரவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வரி வரியாகப் படித்தாள் போலிருக்கிறது.

"அப்ப நெசமாலுமே நிரந்தரந்தானுங்க."

"ஆமா. பி.எஃப். இருக்கு பாரு, ரெண்டாவது பக்கத்துல."

"அவங்க சிரிச்சதுக்குத்தான் சம்பளமா?"

"விற்பனைக்கு."

"நேத்துல இருந்து, நீங்க வேலை கெடைச்சுதுன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டு ஊர் ஊராச் சுத்தறீங்கன்னு நெனச்சு அழுதுட்டிருந்தேன்" என்றாள். "அதுவே பரவால்லீங்க."

போனை வைத்துவிட்டாள். அத்தைக்கு வலி மறுபடியும் ஆரம்பித்திருக்க வேண்டும்.

மாலை இரண்டு காட்சிகள். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டேன். எட்வின் சார் பார்த்துவிட்டு அதைப் பிய்த்துவிடச் சொன்னார்.

மார்ச் 13, வியாழன். கரூர்

சின்ன மண்டபம், நல்ல கூட்டம். காலையில் ரம்பம் தேய்த்தேன். அந்த வேலையை இன்னும் என்னிடமே விட்டிருக்கிறார்கள். என் எண்ணிலிருந்து சுகந்தியின் போனுக்கு அழைப்பு போவதில்லை. டவர் பிரச்சினை இருக்கலாம்.

மூன்றாவது வரிசையில் நின்றேன். பிரசன்னா அழைத்தான். பாதியில் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு கையும் ரம்பத்தில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. முதலில் முன்வரிசை அமைதியாகிவிட்டது. பிரசன்னாவே மைக்கைக் கீழே இறக்கினான். பிறகு பின்னாலிருந்து யாரோ, "டேய், அழுவறான்டா" என்றார்.

அதற்குப் பின் எழுந்த சிரிப்பை நான் கோயம்புத்தூரிலும் கேட்டதில்லை, ஈரோட்டிலும் கேட்டதில்லை. ஒருவர் தன் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினார். மதியத்துக்குள் ஸ்டாக் தீர்ந்து, எட்வின் சார் கோடவுனுக்குப் போன் செய்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்தின் பின்பக்கம் லாரி மறைவில் வந்து என் தோளைத் தட்டினார். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. மகிழ்ச்சியில் அவருக்கு அப்படி வரும்.

"நவநீதா, இத தெனமும் வச்சுக்க டே."

"சரிங்க சார்" என்றேன்.

மாலைக் காட்சியிலும் வந்தது.